பிரம்பும் ‘நிங்ஙள்’ என்ற சொல்லும்

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் ஆனக்கரையில், கைப்பேசியைப் பறித்துக்கொண்டதற்காகப் பள்ளி முதல்வரை ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவன் மிரட்டிய காணொளி கேரளமெங்கும் பரவியது. மாணவன் இடைநீக்கம் செய்யப்பட்டான். மன்னிப்புக் கேட்கத் தயார் என்று அவன் பின்னர்ச் சொன்னதைப் பகிர்ந்தவர் மிகச் சிலரே. அடுத்த மார்ச்சில், ஆசிரியர் கையில் பிரம்பு இருப்பதே போதும், மாணவர் மனத்தில் அது வேலை செய்யும் என்று கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கருத்துரைத்தது. ‘அடியாத மாடு படியாது’ என்போர்க்கு அது கொண்டாட்டமாயிற்று.

மிரட்டல் குற்றமில்லை என்று எவரும் வாதிடவில்லை. ஆசிரியரின் அச்சமும் பொய்யன்று. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன வதையையும் சேர்த்தே விலக்குகிறது. அடிப்பதற்கன்று, அச்சுறுத்துவதற்கே பிரம்பு என்பது அந்த இரண்டாம் பாதியைப் படிக்காதவர் வாதம்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் சித்தூர் எல்லைப் பகுதியிலும் இச்சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை வீட்டில் பெரியோரை ‘நீங்கள்’ என்று பேசி வளர்கிறது. அதே மரியாதையை மலையாளத்தில் காட்ட எண்ணி ஆசிரியரிடம் ‘நிங்ஙள்’ என்கிறது. பொது மலையாள வழக்கில் மூத்தோரிடம் அச்சொல் பெரும்பாலும் துடுக்காகவே ஒலிக்கும். ‘சார்’, ‘டீச்சர்’ என்பனவே அங்கு முன்னிலைப் பெயர்களாக நிற்கின்றன. (கோழிக்கோட்டு ‘இங்ஙள்’ மரியாதைச் சொல்லே, வழக்கு ஊருக்கு ஊர் மாறும்.) பணிந்து பேசிய குழந்தை ‘திமிர் பிடித்தது’ எனப் பெயரெடுக்கிறது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அதட்டினால், பாதி தெரிந்த மொழியில் விடை தேடி விழிக்கிறது; அந்த மௌனமும் குற்றப்பட்டியலில் ஏறுகிறது. பிரம்பு இதில் எதைத் திருத்தும்?

தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்யவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. ஒழுங்கு விசாரணை எம்மொழியில் நடக்கவேண்டும் என்று கேட்பாரில்லை. என்ன நடந்தது, யார் புண்பட்டார், அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய் என்ற மூன்று கேள்விகளையும் தமிழில் கேட்டு, தமிழில் சொல்லவிட்டால் விசாரணையின் போக்கே மாறும். மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் உடனிருக்கவேண்டும். சக மாணவனை மொழிபெயர்க்க வைப்பது இருவரையும் அவமதிப்பதாகும். கைப்பேசி வேண்டாம் என்றால் அவ்விதியை ஆண்டுத் தொடக்கத்தில் மாணவரோடு அமர்ந்தே எழுதலாம். உடைத்த சன்னலை உடைத்தவனே ஆசிரியரோடு நின்று சீர்செய்யலாம்.

‘நேரமில்லை’ என்பார்கள். பெற்றோரை வரவழைப்பதும் மன்னிப்புக் கடிதம் வாங்குவதும் அதே பள்ளி நேரத்தில்தான் நடக்கின்றன. அழைப்பை ஏற்று ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்கி வரும் தாயிடமும் அங்கே மலையாளத்தில்தான் பேசுகிறார்கள்.