பயிற்சி மரம் எங்கே நிற்க வேண்டும்?

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டிக் கூடுவாஞ்சேரியை எட்டுவதற்கு முன், இரு மருங்கிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி எழுந்துவிட்ட ஊரப்பாக்கத்தில், மாலை வேளைகளில் மைதானங்களின் பக்கம் போனால் கையில் கம்புடன் சிலம்பம் பழகும் பிள்ளைகளையும், வெள்ளைச் சீருடையில் கராத்தே பழகும் பிள்ளைகளையும் காணலாம். உட்கார்ந்த இடத்திலேயே பொழுது கழியும் இக்காலத்தில் மனத்துக்கு மிகுந்த நிறைவு தரும் காட்சி அது. அந்த ஆர்வம் முதிர்ந்தவர்களுள் சிலர், வகுப்பு இல்லாத நாட்களிலும் அப்பியாசம் தடைப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தால், ‘வுடன் டம்மி’ என்று கடைக்காரர்கள் பெயரிட்டு விற்கும் பயிற்சி மரம் ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்திக்கொள்ள விரும்புகிறார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கூறும் அபிப்பிராயம் இதுதான்: மரத்தைத் தாராளமாகச் செய்வித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வீட்டுக்குள் நிறுத்தாமல், ஆசானும் பிள்ளைகளும் கூடுகிற பொது இடத்தில் நிறுத்துங்கள்.

அந்த மரம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். தென்சீனத்தின் விங் சுன் என்னும் போர்க்கலைக்கு உரிய உபகரணம் அது. ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள உருண்டைக் கட்டை; மார்பளவில் இரண்டும் வயிற்றளவில் ஒன்றுமாக மூன்று கைகள்; கீழே, முழங்காலை மடக்கி முன்னே வைத்தாற்போல் ஒரு கால். கைகளை இறுக்கிப் பொருத்துவதில்லை. அடி விழும்போது சற்றே அசைந்து கொடுக்குமாறு தளர்வாகவே விடுகிறார்கள். பழங்காலத்தில் நடுக்கட்டையைத் தரையில் குழி தோண்டி நட்டு வைத்தார்கள். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாங்காங்குக்குக் குடியேறிய ஆசான் இப் மேன், மண் தரையே இல்லாத மாடிக் குடியிருப்பில் பாடம் நடத்த நேர்ந்தபோது, குறுக்குச் சட்டங்கள் இரண்டில் கட்டையைத் தொங்கவிட்டு, அந்தச் சட்டங்களின் வளைவிலிருந்தே துள்ளல் கிடைக்கும்படி அமைக்கும் வழக்கம் பரவியது. புரூஸ் லீக்கு இளமையில் கற்பித்தவர் அவரே. இன்று இணையக் கடைகளில் நம் பிள்ளைகள் பார்த்து ஆசைப்படுவது அந்த மாடி வீட்டு வடிவத்தைத்தான். ஆனால் அந்த மரம் ஒருவருடைய அந்தரங்க அறையில் நிற்கவில்லை. சிஷ்யர்கள் கூடிப் பயின்ற கூடத்தில், குருவின் கண்ணெதிரே நின்றது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

நம் குடியிருப்புகளில் அதை நிறுத்துவதில் உள்ள சங்கடங்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்பது அங்குலச் சுவரில் முளையடித்து மாட்டினாலும், ஒவ்வோர் அடியின் அதிர்வும் சுவர் வழியே பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குப் போகிறது. இரவு நேரப் பணிக்குச் சென்று வந்து பகலில் உறங்குகிறவர்கள் நிறைந்த ஊரில் அது நியாயமான பூசலுக்கு வழி வகுக்கும். இரும்புத் தாங்கியில் நிறுத்தினால், அறை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சில்லறைச் சிரமங்கள் என்று ஒதுக்கினாலும் ஒதுக்கலாம். ஒதுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளை ஒட்டிய தட்டுகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவற்றில்தான் வளர்ச்சி நடைபெறுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன், திருத்துவார் யாருமின்றித் தேக்குக் கட்டையில் முன்கையை மோதி மோதிப் பழகுவது வீரமன்று. சரீரத்துக்கு இழைக்கும் தீங்கு. எலும்பு உறுதிப்படுவது படிப்படியாக, ஓய்வுக்கு இடம் விட்டு, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. அந்த அளவை அறிந்து சொல்ல ஆசான் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இப்படிச் சொல்வது அந்நிய உபகரணத்தின் மீதுள்ள வெறுப்பினால் அன்று. நம் நாட்டிலும் மரத்தை எதிராளியாக வைத்துப் பழகும் மரபு உண்டு. அதுவே மல்லர் கம்பம். கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் காலத்து மானசோல்லாசம் என்னும் 12-ஆம் நூற்றாண்டு நூலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பின்னர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அரண்மனையில் மற்போர் கற்பித்த பாலம்பட்ட தாதா தேவதர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் புத்துயிர் அளித்தார். எதிராளி இல்லாத வேளையிலும் மல்லன் தன் பிடிகளைப் பழகிக்கொள்வதற்கு என்று நடப்பட்ட கம்பம் அது. மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் குமிழ் போல முடிந்து, விளக்கெண்ணெய் பூசி வழுவழுப்பாக்கப்பட்டிருக்கும். தொடையால் கவ்வி, முழங்கையால் பற்றி, தலைகீழாகத் தொங்கி நிற்கிற பிள்ளையின் உடல் எத்தனை கட்டுக்குள் வருகிறது என்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரத்தில் அது வேர் பிடித்துப் பல மாவட்டங்களுக்குப் பரவியிருக்கிறது. 2013-இல் மத்தியப் பிரதேசம் அதைத் தன் மாநில விளையாட்டாகவே அறிவித்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் மல்லர் கம்பம் பதக்கத்துக்குரிய போட்டியாகவும், நம் சிலம்பம் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றன. மல்லர் கம்பத்தை யாரும் படுக்கையறையில் நடுவதில்லை. அது நிற்கும் இடம் எப்போதும் களம். ஒருவன் ஏறும்போது பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், கீழே ஆசான் கை நீட்டி நிற்கிறார்.

சிலம்பம் கற்பிக்கும் வாத்தியார்கள் தொடக்கத்திலேயே கம்பைச் சுழற்ற விட்டுவிடுவதில்லை. காலடி வரிசை நிலைத்த பிறகே கைக்குக் கம்பு வருகிறது. கேரளத்துக் களரியிலும் உடற்பயிற்சியான மெய்த்தாரி முதற்படி. மர ஆயுதங்களைப் பழகும் கோல்த்தாரி அதற்கு அடுத்த படி. உடம்பு முதலில், மரம் பிறகு என்ற இந்த வரிசை இரண்டு மரபுகளிலும் அமைந்திருப்பது தற்செயல் அன்று என்பது என் திடமான எண்ணம். நிற்கத் தெரியாதவன் மரத்தை அடித்தால், அவனுடைய கோணல்களையே மரம் உறுதிப்படுத்தும். தோளை உயர்த்தி அடிக்கிறவனைப் பார்த்து ‘தோளை இறக்கு’ என்று அதனால் சொல்ல முடியாது.

இன்னும் ஆழமான குறை ஒன்றும் மரத்தில் உண்டு. அதை விளக்க மாமல்லபுரத்துக்குத்தான் போக வேண்டும். கலங்கரை விளக்கத்தின் அருகே உள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில், முன்னேறிப் பாயும் சிம்மத்தின்மேல் அமர்ந்து தேவி வில் வளைக்கிறாள். எதிரே எருமைத்தலை அசுரன், பெரிய கதாயுதம் ஒன்றை இரு கைகளாலும் பற்றியபடி, உடல் பின்னே சரிய, கால்கள் மட்டும் இன்னும் தரையை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறான். போரின் அந்த ஒரு கணத்தில் ஒருவரின் பாரம் முன்னே வருவதையும் மற்றவரின் பாரம் பின்னே போவதையும் பல்லவச் சிற்பி பாறையில் எழுதி வைத்துவிட்டான். போர்க்கலை என்பது முழுவதும் இந்த இரண்டு உடல்களுக்கு இடையே நடப்பது. எதிரி எப்போது தளர்கிறான், எப்போது சாய்கிறான், எந்தக் காலில் பாரத்தை மாற்றுகிறான் என்பதை உணர்வதே அதன் உயிர். மரம் பின்வாங்குவதில்லை, ஏமாற்றுவதில்லை, பயப்படுவதில்லை. கையின் கோணத்தையும் அடியின் ஒழுங்கையும் அதனிடம் கற்கலாம்; மனிதனை மனிதனிடம்தான் கற்க வேண்டும். ஆகையால் மரத்தில் அரை மணி பழகியவன், திரும்பினால் பக்கத்தில் ஒரு தோழன் நிற்க வேண்டும். வீட்டில் அது வாய்ப்பதில்லை.

பெருமை பேசும் விஷயம் ஒன்றையும் இங்கே தொட்டுச் செல்கிறேன். காஞ்சியிலிருந்து போன போதிதருமரே சீனத்துக்குப் போர்க்கலை கற்பித்தார், ஆகவே இந்த மரமும் நம்முடையதே என்று விற்பனைக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. போதிதருமரை ஷாவோலின் போர்ப்பயிற்சியோடு சேர்த்துச் சொல்லும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், அவருடைய காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது என்றும் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிலம்பமும் குத்துவரிசையும் வர்மமும் கண்ணெதிரே உயிரோடு இருக்கும்போது, இன்னொருவரின் கலைக்கு உரிமை கொண்டாடித்தான் நாம் தலை நிமிர வேண்டும் என்ற அவசியம் இல்லை. சீனருடையதைச் சீனருடையதென்றே மதித்துக் கற்போம்.

இனி, மரத்தை எப்படிச் செய்விப்பது என்ற விஷயம். தொலைவிலிருந்து பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வரவழைப்பதை நான் ஆதரிக்கவில்லை. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் மரவாடிகளும் தச்சுப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் 1957 முதல் நடந்து வரும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் மரச் சிற்பமும் பாடமாக இருக்கிறது. நமக்குத் தேவையான கைத்திறன் கூப்பிடு தூரத்தில்தான் உள்ளது. வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு முதிய ஆசாரி, விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்ட முதற் கேள்வி கட்டையைப் பற்றியது. “பச்சைக் கட்டையை உருட்டிக் கொடுத்துடலாம் சார், ஒரு கோடைக்குத் தாங்காது, நடுவிலேர்ந்து வெளியே பிளந்துக்கிட்டு வரும்” என்றார். அனுபவத்தால் அவர் அறிந்திருந்ததற்குச் சாஸ்திரத்திலும் ஆதாரம் உண்டு: உலரும்போது மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே நடுக்குருத்தோடு கூடிய முழு உருண்டை வெடிக்காமல் தப்புவது அரிது. நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த தேக்குப் பலகைகளை ஒட்டிச் சேர்த்துக் கடைந்தால் இந்த அபாயம் பெரும்பாலும் நீங்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேம்பும் உதவும். பூச்சி எளிதில் அண்டாது. கைகளுக்கும் காலுக்கும் அதிர்ச்சியைத் தாங்கும் மரம் வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் நம் முன்னோர் எடுத்தாண்ட கருவேலம் அதற்கு மிகவும் ஏற்றது. கைகளின் அடிப்பகுதியைச் சதுரக் கழுந்தாகச் செதுக்கி, நடுக்கட்டையை ஊடுருவிப் பின்புறம் வரச் செய்து, அங்கே ஆப்பு வைத்து நிறுத்த வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் கழுந்து பருத்து இறுகும். சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். ஆகவே துளையைச் சற்றே தாராளமாக எடுக்கச் சொல்வது உத்தமம். வார்னிஷ் வேண்டாம், அடி விழுந்த இடத்தில் அது செதில் செதிலாக உரிந்து கையைக் கிழிக்கும்.

பொது இடத்தில் நிறுத்த இடம் ஏது என்று கேட்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. பூங்காவுக்கும் விளையாட்டுக்குமே அந்த நிலம் உரியது. இத்தனை மனைப்பிரிவுகள் கிளம்பியுள்ள ஊரப்பாக்கத்தில் அத்தகைய நிலங்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றுள் முட்புதர் மண்டியோ, கட்டட இடிபாடு கொட்டப்பட்டோ கிடக்கும் ஒன்றைத் துப்புரவு செய்து, மழைநீர் தேங்காதபடி அரையடி மேடாக்கி, ஆற்று மணல் பரப்பி, ஒரு மல்லர் கம்பமும் கைகள் பொருத்திய ஒரு பயிற்சி மரமும் நடலாம். மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் கரையான் வராமல் தார் பூச வேண்டும். மேலே தகரக் கூரை ஒன்று போட வேண்டும். ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு அடியில் மெத்தை விரிக்க வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் கற்பிக்கும் வாத்தியாருக்கு முறையான ஊதியம் கொடுக்க வேண்டும். நாலைந்து குடும்பங்கள் தனித்தனியே வாங்கி, சில மாதங்களில் துணி காயப்போடும் இடமாக்கிவிடக்கூடிய மரங்களின் விலையைச் சேர்த்தால், இந்தச் செலவின் பெரும்பகுதி நிறைந்துவிடும். பல வருஷம் பழகித் தேர்ந்து, குருவின் அனுமதியோடு தனி வீட்டில் மரம் வைத்துக்கொள்பவரைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. அத்தகையவர் ஊருக்குச் சிலரே.

மாநிலமெங்கும் ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்குப் பெற்றோர்கள் சேர்ந்து போய், திறந்தவெளி நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பயிற்சிக் களம் கேட்டு எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்யட்டும்; மரத்துக்கான முன்பணத்தை ஆசாரியிடம் கொடுப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம், கட்டை காய்வதற்கும் அந்த அவகாசம் தேவைப்படும்.