மருந்து ஏன் பொய்த்தது?

நீலகிரியில் உருளைக்கிழங்குச் செடியைப் பின்கருகல் நோய் பிடித்தால், விவசாயி ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். போன போகத்தில் மருந்துக்குக் கட்டுப்பட்ட நோய் இந்தப் போகத்தில் கட்டுப்படாவிட்டால், “அளவைக் கூட்டி அடி” என்கிறார்கள். அளவு கூடுகிறது, கடன் கூடுகிறது, நோய் நிற்கவில்லை. கடைசியில் பழி விவசாயியின் தலையில்! சேலையூரிலும் தாம்பரத்திலும் ஊட்டிக் கிழங்கு வாங்கும் தொழிலாளிக்கும் இது அந்நிய விஷயமல்ல. அங்கே விளைச்சல் கெட்டால் இங்கே அடுப்பங்கரையில் தெரியும்.

இது தலைவிதியல்ல. மெட்டலாக்சில் என்ற மருந்தை 1970களின் பிற்பகுதியில் சிபா-கெய்கி என்ற சுவிஸ் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 1845ல் தொடங்கிய பஞ்சத்தில், இதே நோயாலும் அன்னிய ஆட்சியின் கொடுமையாலும் சுமார் 10 லட்சம் மக்களைப் பறிகொடுத்த நாடு அயர்லாந்து. அங்கே 1980லேயே இம்மருந்து தோற்றது. ஹாலந்திலும் அதே கதை. 1990களின் தொடக்கத்தில் நமது நீலகிரியிலும் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகளை விஞ்ஞானிகள் கண்டனர்.

காரணம் என்ன? மெட்டலாக்சில் கிருமியை ஒரே இடத்தில்தான் தாக்குகிறது. பூசணம் போன்ற இக்கிருமி கோடிக்கணக்கில் வித்துகளை உண்டாக்குகிறது. அவற்றில் சில அந்த அடிக்குத் தப்பும் தன்மையை இயற்கையாகவே பெற்றிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு வயலைக் காலி செய்து கொடுக்கிறது. நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருஷம் முழுவதும் கிழங்கு நிற்பதால், தப்பிய கிருமிக்குப் பட்டினியே கிடையாது.

மார்க்கம் இல்லாமல் இல்லை. கிருமியைப் பல இடங்களில் தாக்கும் மாங்கோசெப் போன்ற மருந்தை நோய் வருமுன்பே தெளிக்க வேண்டும். மெட்டலாக்சில் போன்றவற்றைத் தனியாக அடிக்காமல் கலவையாக, போகத்துக்கு ஓரிரு தடவை மட்டுமே அடிக்க வேண்டும். அடுத்த முறை வேறு வகுப்பு மருந்துக்கு மாற வேண்டும். பெயரும் டப்பாவும் மாறினால் போதாது. உள்ளிருக்கும் சரக்கு மாற வேண்டும். அழுகிய கிழங்கையும் தானாக முளைத்த செடிகளையும் அழிக்க வேண்டும். குப்ரி கிர்தாரி போன்ற நோய் தாங்கும் ரகங்களைப் பரப்ப வேண்டும். ஆனால் ரகத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 1968ல் வந்த குப்ரி ஜோதியும் நோய் தாங்கும் ரகமாகத்தான் வந்தது. பின்னர் அந்தச் சக்தியை இழந்தது.

ஒரு விவசாயி மட்டும் ஒழுங்காக நடந்து பயனில்லை. காற்றில் வரும் வித்து வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே திட்டத்தில் இயங்க வேண்டும். அதற்கு வழிகாட்டும் வேலையை, விற்பனையில் லாபம் காணும் கடையிடம் விட்டுவிட முடியுமா?

ஆகவே சர்க்காரிடம் நாம் கோருவது இது: ஒவ்வொரு போகத்திலும் எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று ஊட்டி முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் சோதித்து, முடிவைக் கிராமந்தோறும் அறிவிக்க வேண்டும். மருந்தின் வகுப்பை டப்பாவின் முகப்பில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். நோயற்ற விதைக்கிழங்கு நியாய விலையில், கூட்டுறவு மூலம் சிறு விவசாயிக்குக் கிடைக்க வேண்டும்.

மருந்தின் வலிமை ஊருக்குப் பொதுவான சொத்து. ஏரித் தண்ணீரைப் போல அதையும் முறை வைத்துத்தான் செலவழிக்க வேண்டும். விவசாயிகள் ஊர்தோறும் கூடி அந்த முறையை வகுக்கட்டும். சர்க்கார் அதற்குத் துணை நிற்கட்டும்!