மாதர் சங்கமும் கடன் குழுவும் ஒன்றல்ல

திருகோணமலையின் பாலையூற்று போன்ற பகுதிகளில் ஏழைப் பெண்கள் பணத்துக்காக ஒன்றுகூடும் அமைப்புகள் இரண்டு வகை. ஒன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். மற்றையது நுண்கடன் கம்பனிகள் உருவாக்கிய கடன் குழு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி நினைத்ததால்தான் நாம் முன்னதை வளர்க்கவுமில்லை, பின்னதைத் தடுக்கவுமில்லை என்பது எனது கருத்து.

மாதர் சங்கத்தில் அங்கத்தவர்களே தலைவி, செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்கிறார்கள். சந்தாவும் சேமிப்பும் அவர்களுடையவை. கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். கடன் குழுவில் கணக்கு கம்பனியிடம் இருக்கிறது. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அயலவர் உறவே அங்கு பிணையாகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற சுழல் இப்படித்தான் தொடங்குகிறது.

2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கு, கிழக்கில் இக்கம்பனிகள் வேகமாகப் பரவின. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களையே ஒழுங்குபடுத்தியது. கடன் மட்டும் கொடுப்போர் தப்பிக்கொண்டனர். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி, தன்னிடம் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே 35 வீதம் என்றால் அதற்கு முன்பிருந்த நிலையை ஊகிக்கலாம். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பிரச்சினை ஓர் இனத்துக்கோ ஒரு மாவட்டத்துக்கோ உரியதல்ல.

வட்டி ஹராம் என்று நாம் குத்பாவில் கேட்கிறோம். ஆனால் பிள்ளையின் மருந்துக்கு இருபதாயிரம் ரூபா தேவைப்படும் தாய்க்கு, வட்டியில்லாமல் அதைக் கொடுக்கும் இடம் எது என்று சொல்வதில்லை. மாற்று வழி காட்டாத கண்டிப்பு அவளைக் கடனிலிருந்து காப்பாற்றாது. கடனை மறைக்கவே வைக்கும்.

கடன்பட்டோர் ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தினரில் அடங்குவர் என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறுகிறது. எனவே பள்ளிவாசல் நிர்வாகங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். கடனில் மூழ்கியவர்களை அடையாளம் கண்டு, ஸகாத்திலிருந்து நேரடியாக விடுவிக்கலாம். ஸதகா நிதியில் ஒரு பகுதியை கர்ழன் ஹஸனா சுழற்சி நிதியாக மாதர் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். யாருக்கு உண்மையான தேவை, யாரால் திருப்பிக் கட்ட முடியும் என்பது பள்ளி நிர்வாகிகளைவிட அயல்வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இதற்கு நிபந்தனைகளும் உண்டு. கணக்கைப் பெண்களே எழுத வேண்டும். வருடாந்தம் பரிசோதனை நடக்க வேண்டும். பதவிகள் ஒரே வீட்டைச் சுற்றக் கூடாது. அரசியல்வாதிகள் தேர்தல் காலத்தில் மட்டும் சங்கத்தைத் தேடி வருவதை அங்கத்தவர்கள் அனுமதிக்கக் கூடாது. தமிழ்ச் சகோதரிகளும் அங்கம் வகிக்கும் சங்கம் என்றால் அதைத் தனியாகப் பிரிக்கவும் தேவையில்லை. தவணைக்காரர் எந்த வீட்டு வாசலிலும் இனம் பார்த்து நிற்பதில்லை.

தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுப்பது இலகு. பெண்களின் கையில் ஒரு நிதியையும் அதற்கான பொறுப்பையும் கொடுப்பது கடினம். ஆனால் அபிவிருத்தி என்று சொல்லத் தகுந்தது இரண்டாவதுதான். அடுத்த ரமழானுக்கு ஸகாத் பட்டியல் தயாரிக்கும் முன், மஹல்லாவின் மாதர் சங்கத்தை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.