பத்தே நிமிடத்தில் பட்டாபிராம்!



ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் முதலில் மடியில் விழுவது மனை விளம்பர நோட்டீஸ்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்கு இது பழகிப்போன ஒன்று. ‘பட்டாபிராம் டைடல் பார்க்கிலிருந்து பத்தே நிமிடம்!’, ‘மெட்ரோவுக்கு மிக அருகில்!’, ‘இன்னும் சில மனைகளே!’

இதில் பொய் எங்கே? தேடினாலும் சிக்காது. தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் அளந்துவிடுவோம் என்று நிமிடத்தில் சொல்கிறார்கள். நள்ளிரவில் பைக்கில் போனால் பத்து நிமிடம் சரிதான். காலை ஒன்பது மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நின்றவர்களிடம் அந்தக் கணக்கு செல்லுமா?

‘வாடகைப் பணத்தை இ.எம்.ஐ.யாகக் கட்டுங்கள்’ என்பது இன்னொன்று. கேட்கவே இதமாக இருக்கிறது. ஆனால் வாங்குவது வெறும் மனை. அதில் வீடு எழும்பும்வரை வாடகை, இ.எம்.ஐ. இரண்டையும் யார் கட்டுவது?

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது இலவச வேனும் மதியச் சாப்பாடும். குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்?

சொல்லழகே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1967 தேர்தலில் அண்ணா அரிசி பற்றி, ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார். காதில் ஒட்டிக்கொள்ளும் இயைபு. ஆனால் எது ஆசை, எது உறுதி என்று அதிலேயே பிரித்தும் வைத்துவிட்டார். மனை நோட்டீஸிலோ மெட்ரோ ரயில் பக்கம் முழுக்க ஓடும். ‘வரவிருக்கும்’ என்பது மட்டும் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும்.

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (ரெரா), 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் ‘ரெரா’ பதிவு எண் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு. விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி, அதை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலக நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்.

அதனால், அட்வான்ஸ் கொடுத்த கையோடு அந்த நோட்டீஸைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். வேனில் வாயால் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்