பூனைக்கு ஒழுக்கம் கற்பிக்க முனைவோர்க்கு

எங்கள் ஆய்வாளர் விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஓர் அறிவுரைப் பட்டியல் வலம்வந்தது. விடுதியில் நாம் வளர்க்கும் மூன்று பூனைகளை ‘ஒழுங்குக்குக் கொண்டுவர’ மூத்த ஆய்வாளர் ஒருவர் தொகுத்தது அது. பிறாண்டினால் பிடரித் தோலைப் பற்றி அந்தரத்தில் தூக்க வேண்டும்; மேசைமீது ஏறினால் முகத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும்; கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் மூக்கை அதிலேயே தேய்த்து, சுருட்டிய நாளிதழால் இரண்டு அடி கொடுக்க வேண்டும். கீழே வரிசையாகக் கட்டைவிரல் குறிகள். ‘அடியாத மாடு படியாது’ என்று தமிழிலேயே ஒருவர் வழிமொழிந்திருந்தார். டெல்லியில் தமிழ்ப் பழமொழி கேட்கும் மகிழ்ச்சி எனக்கு அன்று வாய்க்கவில்லை.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். விலங்கு நடத்தையியல் பயின்றவனும் அல்லன். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். ஆயினும் இப்பட்டியலை எதிர்க்கும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். கருத்தரங்கில் ஓர் அடிக்குறிப்பு பிசகினால் எழுந்து நின்று வினவும் நாம், நான்கு கிலோ எடையுள்ள ஓர் உயிரை அடிப்பதற்கான பரிந்துரையைச் சான்று கேளாமல் ஏற்றுக்கொள்கிறோம். இதுவே என் குற்றச்சாட்டு. அது என்மீதும் சாரும்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவு. கறுப்பன் என்று நான் அழைத்த கடுவன் பூனை என் ரஜாய்மீது சிறுநீர் கழித்தான். சில துளிகள்தாம். அரைமணி நேரத்தில் குளியலறை மூலையில்; பின்னர், அன்றுதான் அச்செடுத்து வைத்திருந்த அத்தியாயத்தின்மீது. ஒவ்வொரு முறையும் குந்தினான், முக்கினான், அடித்தொண்டையில் ஒலியெழுப்பினான். நான் அதை அடம் என்று வாசித்தேன். மூக்கைத் தேய்த்தேன், நாளிதழால் அடித்தேன், பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை அவன் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொன்னார். அடிக்கடி குந்துவதும் துளித்துளியாகக் கழிப்பதும் கடுவன் பூனைகளிடம் உயிர்போகும் நெருக்கடியின் அறிகுறிகள் என்று அன்றுதான் அறிந்தேன். நோயின் முறையீட்டுக்கு நான் பிரம்படி தீர்ப்பளித்திருந்தேன்.

கறுப்பன் பிழைத்தான். ஆனால் நான் காலையில் நாளிதழைப் பிரிக்கும் ஓசை கேட்டால் கட்டிலின் அடியில் புகுந்துகொள்வதை அவன் கடைசிவரை விடவில்லை. என் தண்டனை அவனுக்குக் கற்பித்த பாடம் அது ஒன்றே. ரஜாயைப் பற்றி அவன் எதையும் கற்கவில்லை. என்னைப் பற்றிக் கற்றுக்கொண்டான்.

‘இது தனியனுபவம், சான்றாகாது’ என்பீர்கள். ஒப்புகிறேன். சான்றுகளுக்கு வருவோம். கற்றல் குறித்த நவீன உளவியலின் தொடக்கமே பூனைகளிடமிருந்துதான். 1898இல் எட்வர்ட் தார்ண்டைக், பசித்த பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை தாழ் திறந்து வெளியேற எடுக்கும் நேரத்தை அளந்தார். இன்பம் தரும் செயல் வலுப்படும், துன்பம் தரும் செயல் தளரும் என்னும் ‘விளைவு விதி’ அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது. நம் பட்டியல்காரர்கள் அறிந்தோ அறியாமலோ இவ்விதியின் பிற்பாதியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். அந்தோ, 1930களின் தொடக்கத்தில், மனிதர்களிடம் நிகழ்த்திய சோதனைகளின் முடிவில், தார்ண்டைக்கே அப்பிற்பாதியைக் கைவிட்டார். வெகுமதி வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை தளர்த்துவதில்லை என்று திருத்தி எழுதினார்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தண்டனை ஒரு செயலை ஒடுக்கவல்லது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அவற்றைத் தொகுத்து 1966இல் அஸ்ரினும் ஹோல்ஸும் எழுதினர். ஆனால் அவர்கள் கூறும் நிலைமைகளைக் கவனியுங்கள்: தண்டனை செயலை உடனுக்குடன் தொடர வேண்டும், ஒவ்வொரு முறையும் தொடர வேண்டும், தொடக்கத்திலேயே கடுமையாக இருக்க வேண்டும். ஆய்வகக் கூண்டில் இவை இயலும். வகுப்பு முடிந்து மாலையில் திரும்பி, காலையில் கழித்த சிறுநீருக்காக அடிக்கும் விடுதியில் இவற்றுள் எது இயலும்?

பூனையை அறிஞர்கள் தவறாக வாசிப்பதும் புதிதன்று. 1946இல் கத்ரியும் ஹார்ட்டனும், பெட்டியின் நடுவிலிருந்த கோலைச் சாய்த்துப் பூனைகள் வெளியேறிய ஏறத்தாழ 800 நிகழ்வுகளைப் பதிவுசெய்தனர். பூனைகள் ஒரே பாங்கில் கோலில் உடலை உரசியதைக் கற்றல் கோட்பாட்டின் சான்றாகக் காட்டினர். 1979இல் மூரும் ஸ்டட்டர்டும் எளிய வினா ஒன்றை எழுப்பினர்: ஆய்வாளர் கண்ணில் படாதபோது என்ன நிகழும்? பூனைகள் உரசவில்லை. அருகில் மனிதர் தென்பட்டால், வெகுமதி இல்லாமலே உரசின. அறிஞர்கள் கற்றல் என்று பதிந்தது, எதிரே அமர்ந்திருந்த மனிதருக்குப் பூனை சொன்ன முகமன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வணக்கத்தைத் தரவாக வாசித்திருக்கிறோம். நோயை அடமாகவும் அச்சத்தைத் திமிராகவும் நாம் வாசிப்பது இதன் தொடர்ச்சியே.

‘தாய்ப்பூனையே பிடரியைப் பற்றித்தானே தூக்குகிறது?’ என்பது அடுத்த வாதம். தாய் தூக்குவது பிறந்து சில வாரங்களே ஆன குட்டியை. அதுவும் இடம் மாற்ற, தண்டிக்க அன்று. வளர்ந்த பூனையின் முழு எடையும் பிடரித் தோலில் தொங்கும்போது அது அசையாதிருப்பது அமைதியால் அன்று, தப்ப வழியில்லாமையால். பூனை மருத்துவத்துக்கான அமெரிக்க, பன்னாட்டு அமைப்புகள் இணைந்து 2022இல் வெளியிட்ட கையாளுதல் நெறிமுறைகள் மருத்துவமனையில்கூட இம்முறையைத் தவிர்க்கச் சொல்கின்றன.

அப்படியாயின் பூனை எதையும் செய்யலாமா? இல்லை. செய்யத் தகாததைத் தடுக்கும் பொறுப்பு நம்முடையது என்கிறேன். மூன்று பூனைகளுக்கு நாம் வைத்திருப்பது ஒரே மணல் தட்டு. அதுவும் சலவை இயந்திரத்தின் அருகில். பூனைக்கு ஒன்று வீதமும் மேலாக ஒன்றும் வைப்பதே மருத்துவர்களின் பொது அறிவுரை. அதன்படி நான்கு வேண்டும். மணல் அள்ளும் முறைப்பட்டியலில் சென்ற மாதம் எத்தனை பெயர்கள் இருந்தன என்று நான் கேட்கப்போவதில்லை. மேசைமீது ஏறுகிறதா? உணவை மூடிவையுங்கள், சன்னலருகே ஏறி அமர உயரமான இடம் கொடுங்கள். நாற்காலியைப் பிறாண்டுகிறதா? சணற்கயிறு சுற்றிய கட்டையை அந்த நாற்காலியின் அருகிலேயே நிறுத்துங்கள். அதைப் பிறாண்டும் கணத்தில் ஒரு துண்டு மீன் கொடுங்கள். விளையாட்டில் கையைக் கடிக்கிறதா? கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள்; கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து செல்லுங்கள்.

அஞ்சிய பூனையை அடக்க முயலாதீர்கள். காதுகள் தட்டையாகி, வால் விசிறி, கண்மணி விரிந்திருந்தால் விலகுங்கள். ஓசையற்ற அறையும் ஓர் அட்டைப் பெட்டியும் போதும். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளியப் பெட்டி கிடைத்தவை விரைவில் அமைதியுற்றதை நெதர்லாந்து ஆய்வொன்று 2014இல் காட்டியது. மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தூக்கியே ஆக வேண்டுமெனில், தடித்த துண்டால் போர்த்தி, ஒரு கையால் மார்பையும் மறுகையால் பின்புறத்தையும் தாங்கித் தூக்குங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லுங்கள். பூனைகளுக்கும் அத்தடுப்பூசி போட வேண்டும். அடிபட்டு அஞ்சிய பூனையே அதிகம் கடிக்கும் என்பதால், அடிப்பது நம் பாதுகாப்புக்கும் எதிரானதே.

சட்டத்தை நான் துணைக்கழைக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கை அடிப்பதைக் குற்றமென்கிறது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் தண்டம் 10 முதல் 50 ரூபாய். நம் உணவகத்தின் தேநீரும் சமோசாவும் அந்த விலைதான். சட்டத்துக்கு அஞ்சி எவரும் கையை இறக்கப்போவதில்லை. ஆகவே நம் தொழிலின் பெயராலேயே கேட்கிறேன்: கையை ஓங்கும் முன் ஒரு கருதுகோளையாவது எழுதிப் பாருங்கள். பூனைக்கு நோயா, அச்சமா, தட்டு அசுத்தமா? மூன்றையும் சோதித்து விலக்கிய பிறகு, அடிப்பதற்குக் காரணம் மிஞ்சினால் குழுவில் எழுதுங்கள், விவாதிப்போம்.

அதுவரை, அந்தப் பட்டியலை நீக்கிவிட வேண்டுகிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு மணல் தட்டுகள் வாங்கச் செல்கிறேன். உடன் வர விரும்புவோர் பின்னூட்டத்தில் பெயர் எழுதுக. தட்டு அள்ளும் முறைப்பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.