குடியேற்றிய அரசே காவலுக்கும் பொறுப்பு

சென்னையில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் இரவில் பெரும்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறார்கள். தெருவிளக்கு எரியாத இடங்களைப் பயந்து பயந்து கடக்கிறார்கள். லிப்ட் ஓடாத நாளில் எட்டு மாடிக் கட்டடத்தின் இருண்ட படிகளில் ஏறுகிறார்கள். அவர்கள் வேலை பார்க்கும் தெருவில் உள்ள பாதுகாப்பு, குடியிருக்கும் தெருவில் இல்லை. இந்தப் பாகுபாட்டை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பெரும்பாக்கம் அவர்கள் விரும்பிப் போன இடமல்ல. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது அரசுதான். 2015 வெள்ளத்துக்குப் பின் அது வேகமெடுத்தது. ஆற்றோரம் ஆபத்து என்று அப்புறப்படுத்தப்பட்டவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். பெருமழை பெய்தால் செம்மஞ்சேரியில் மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர்.

பிழைப்பு நகருக்குள்ளேயே இருக்க, வீடு மட்டும் தொலைவுக்குப் போய்விட்டது. விடியுமுன் தாய் வேலைக்குக் கிளம்பினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பல பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்குக் குலுக்கலில் வீடு ஒதுக்கியதால், ஆபத்தென்றால் ஓடிவரும் பழைய அக்கம்பக்கமும் இல்லை. கஞ்சா விற்பவர்கள் இந்த வெற்றிடத்தில்தான் காலூன்றுகிறார்கள்.

பழியோ குடியிருப்பவர்கள் தலையில் விழுகிறது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள். காவல்துறை அங்குள்ள இளைஞர்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. அங்கிருந்து வரும் புகாருக்கு அதே அக்கறை காட்டுவதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அவரைப் பாராட்டிய அரசுக்கு, அங்குள்ள மற்றப் பெண் பிள்ளைகள் பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்பும் வழிக்கும் பொறுப்பு உண்டு.

இந்த வீடுகளைக் கட்டிய வாரியத்தைக் கேட்டால் உள்ளாட்சி, உள்ளாட்சியைக் கேட்டால் மின்வாரியம் என்று மக்களை அலையவிடுவது போதும். 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரில் வந்த மேம்பாடு படிக்கட்டுக்கும் வர வேண்டும்.

எல்லாத் தெருவிளக்குகளும் லிப்ட்டுகளும் வரும் வடகிழக்குப் பருவமழைக்குள் சரிசெய்யப்பட வேண்டும். பெண் காவலர்களுடன் இரவு ரோந்தும், கடைசி ஷிப்ட் முடிந்து வருவோருக்குப் பேருந்தும் வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் திரும்பும்வரை திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும். இவை நிறைவேறும்வரை இன்னொரு குடும்பத்தைக்கூட அங்கே கொண்டுபோய்க் குடியேற்றக் கூடாது.