பெயர் உள்ள கல்லறை, பெயர் இல்லாத களம்

மைசூரிலிருந்து பெங்களூர் சாலையில் 15 கிலோமீட்டர் வந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம். ரங்கநாதர் கோயில், தரியா தௌலத் மாளிகை, திப்பு அடங்கியிருக்கும் கும்பஸ் என்று சுற்றுலா பஸ்களின் பட்டியல் மாறுவதே இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், காவிரிக் கரையில் இருக்கும் பழைய ராணுவக் கல்லறைத் தோட்டம் அந்தப் பட்டியலில் கிடையாது. சுமார் 300 கல்லறைகள். அவற்றில் ஏறத்தாழ 80 டி மியூரோன் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்களுடையவை. உள்ளூர்க்காரர்களே எட்டிப் பார்க்காத இந்த இடத்தைத் தேடி ஸ்விட்சர்லாந்திலிருந்து டி மியூரோன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் வந்தார்கள். புதர் மண்டி, கல் பெயர்ந்து கிடந்த தோட்டத்தை 2007-08இல் தங்கள் செலவில் செப்பனிட்டார்கள்.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்காரர்களுக்குக் காவிரிக் கரையில் என்ன வேலை? சம்பளம்தான். இன்றைய ஸ்விட்சர்லாந்தில் உள்ள நியூஷாடெல் நகரத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டேனியல் டி மியூரோன், 1781இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு கூலிப்படையைத் திரட்டினார். கேப் டவுனில் காவல் இருந்த அந்தப் படை பிறகு இலங்கைக்கு வந்தது. 1795இல் ஐரோப்பாவில் காற்று திசை மாறியது. ஹாலந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில். இலங்கை மீது பிரிட்டிஷாரின் கண். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹியூ கிளெக்ஹார்ன் நியூஷாடெலுக்கே போய் டி மியூரோனைப் பிடித்து, படையை அப்படியே பிரிட்டிஷ் சேவைக்கு மாற்றிவிட்டார். கொழும்பில் இருந்த தம்பிக்கு அண்ணனின் கடிதம் ஒரு டச்சுப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாக ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் வாசகர் இஷ்டம். 1796இல் கொழும்பு பெரிய சண்டை எதுவும் இல்லாமல் விழுந்தது என்பது மட்டும் வரலாறு.

நேற்று வரை டச்சுக்காரர் உப்பைத் தின்ற படை இப்படித்தான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கம்பெனி பக்கம் நின்றது. மே 4ஆம் தேதி பட்டப்பகலில் கோட்டைச் சுவரின் உடைப்பு வழியே தாக்குதல். மாலைக்குள் கோட்டை போயிற்று, திப்பு சுல்தானும் போனார்.

கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அன்று உயிர்விட்ட வீரர்கள் என்று நினைப்பது தவறு. தோட்டம் அமைந்ததே போருக்குப் பிறகு, 1800 வாக்கில். 1860கள் வரை அங்கே புதைத்திருக்கிறார்கள். படுத்திருப்பவர்களில் அதிகாரிகளின் மனைவிமார் உண்டு, குழந்தைகள் உண்டு. திப்புவின் படையால் முடியாததை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சல் செய்தது. கடைசியில் கம்பெனி 1809இல் தன் படையையே பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது. பெங்களூர் கன்டோன்மென்ட் பிறந்தது அப்படித்தான்.

டி மியூரோன் படை அதற்கு முன்பே, 1806இல், இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டது. மால்ட்டா வழியாக 1813இல் கனடா போய்ச் சேர்ந்து அமெரிக்கர்களுடன் சண்டையிட்டது. 1816இல் கலைக்கப்பட்டபோது, அதன் வீரர்கள் சிலரை செல்கிர்க் பிரபு கூலிக்கு அமர்த்தி, இன்றைய வின்னிபெக் இருக்கும் செவ்வாற்றுக் குடியேற்றத்துக்கு அழைத்துப் போனார். ஆக, இந்தப் படையின் தடம் தேடிக் கிளம்புகிறவர் நியூஷாடெலில் தொடங்கி கேப் டவுன், கொழும்பு, ஸ்ரீரங்கப்பட்டணம், மால்ட்டா, கனடா என்று உலகத்தைச் சுற்றியே ஆக வேண்டும். சுற்ற முடிகிறது என்பதுதான் விஷயம். படைப் பட்டியல், சம்பளக் கணக்கு, குடும்பக் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. படையை உருவாக்கியவர் சேகரித்த அரும்பொருட்களைக்கூட 1795இல் நியூஷாடெல் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஊர் அருங்காட்சியகத்தின் தொடக்கமே அதுதான். காகிதம் இருப்பவனுக்குத்தான் பாட்டன் கிடைப்பான்.

எதிர்த் தரப்பின் கதை என்ன? அன்று கோட்டைக்குள் மாண்ட மைசூர் வீரர்கள் ஆயிரக்கணக்கில். கும்பஸில் ஹைதர் அலி, அவர் மனைவி, திப்பு ஆகியோருக்குக் கல்லறை இருக்கிறது. சுற்றிலும் உறவினர்களும் தளபதிகளும் இருக்கிறார்கள். சாதாரண சிப்பாய் எங்கே புதைக்கப்பட்டான் என்று காட்ட ஒரு கல் கிடையாது. திப்புவின் நூலகம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயிற்று. கொள்ளை போகாமல் மிஞ்சிய ஆவணங்களும் வென்றவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன. கோட்டையைக் காத்து மாண்டவனின் பேரனுக்குப் பேரன் இன்று மைசூரிலோ, பக்கத்து கஞ்சாமிலோ ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவனுக்கே தெரிய வழியில்லை.

அரச குடும்பத்தின் பாடு மட்டும் என்ன? திப்புவின் பிள்ளைகள் முதலில் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, திப்புவின் கொடியைக் கோட்டையில் ஏற்றியதும் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மூட்டை கட்டினார்கள். அங்கே இளவரசர் குலாம் முகமது 1842இல் தர்மதலாவில் கட்டிய மசூதி இன்றும் திப்பு சுல்தான் பெயரில் கம்பீரமாக நிற்கிறது. அன்வர் ஷா பெயரில் ஒரு பெரிய சாலையே இருக்கிறது. டாலிகஞ்ச் கிளப்பின் இடம் ஒரு காலத்தில் இந்தக் குடும்பம் வாழ்ந்த இடம். ஆனால் அந்த வம்சத்தில் சிலர் அதே நகரத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்ததைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து பாட்டன் கோட்டையைப் பார்க்கவே அவர்களுக்குக் காசு வேண்டும். செப்பனிடுவதைப் பற்றி யார் பேசுவது?

வேலூரிலேயே கோட்டைக்கு வெளியே இந்தக் குடும்பத்தின் சமாதிகள் இருக்கின்றன. ஹைதரின் மனைவி பக்‌ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் இருவரும் அங்கேதான் அடக்கம். தங்கக் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல் இல்லாவிட்டாலும் நினைவைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில் பலர் நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. அந்த நாளில் தங்கள் முன்னோரைத் திப்பு கொன்று குவித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லிவரும் காரணம். ஆதாரம் எங்கே என்று கேட்கும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. இந்தச் சச்சரவில் அரசியல்வாதிகள் புகாமல் இருப்பார்களா? 2015இல் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தியைத் தொடங்கியது. குடகில் ரகளை ஆயிற்று. 2019இல் ஆட்சி மாறியது, ஜெயந்தியும் ரத்தானது. நான்கு ஆண்டுகள் மேடை போட்டவர்களும் சரி, மேடையைப் பிரித்தவர்களும் சரி, மே 4 அன்று செத்தவர்களின் பெயரை யாராவது திரட்டியிருக்கிறார்களா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு, அதுவும் வென்ற பக்கத்தில். ஜெனரல் ஹாரிஸ் 1799 பிப்ரவரியில் படையோடு புறப்பட்டது வேலூரிலிருந்துதான். அதில் மெட்ராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள் ஏராளம். தமிழும் தெலுங்கும் பேசிய அந்த ஆட்கள் மலை ஏறி, முற்றுகை அகழி வெட்டி, வெள்ளைக்காரனோடு சேர்ந்தே காவிரியைக் கடந்தார்கள். கோட்டைச் சுவரின் உடைப்பை நோக்கி நிற்கும் நினைவுத் தூணை மைசூர் அரசாங்கம் 1907இல் எழுப்பியது. தோற்ற ராஜ்யத்தின் மண்ணில், வென்றவனுக்காக, உள்ளூர் கஜானாவில்! பெயர் சொல்லி நினைவுகூரப்பட்டவர்கள் வெள்ளை அதிகாரிகள். ஆம்பூரிலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ போய் ஆற்றில் விழுந்த சிப்பாய் இங்கேயும் இல்லை, கல்லறைத் தோட்டத்திலும் இல்லை.

ஸ்விஸ் குடும்பத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆக்கிரமிப்புக்குப் பயந்து நாளை காணாமல் போகக்கூடிய ஓர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கர்நாடக அரசு பல பத்தாண்டுகள் சும்மா இருந்த வேலை அது. அரசு நினைத்தால் முடியாததும் இல்லை. இரட்டை ரயில் பாதைக்கு இடைஞ்சல் என்றதும் 2017இல் திப்புவின் ஆயுதக் கிடங்கை அப்படியே தூக்கி, நகர்த்தி வைத்தார்களே! ரயிலுக்காகச் செய்ததில் நூறில் ஒரு பங்கு அக்கறை போதும்.

மெட்ராஸ் ராணுவத்தின் பழைய கோப்புகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாய்க் குடும்பங்களுக்குக் கம்பெனி பென்ஷன் கொடுத்திருக்கிறது. கொடுத்தால் கணக்கு எழுதியிருப்பான், வெள்ளைக்காரன் கணக்கு எழுதாமல் காசு கொடுக்க மாட்டான். வேலூரிலோ சென்னையிலோ ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை நான்கு மாணவர்களை ஒரு வருடம் அங்கே உட்கார வைத்தால், 1799இல் போனவர்களில் கொஞ்சம் பேரின் பெயராவது கிடைக்கும். சுபேதார், ஜமேதார் பெயர்கள் முதலில் வரும். ஊர்ப் பெயரும் சேர்ந்து வந்தால், சொந்தக்காரர்களைத் தேட ஆரம்பிக்கலாம்.